இரண்டு ஆற்காடுகள்: வெக்கையும் ஆட்டுக்கொல்லியும்



மனிதகுலம் இதுவரை இரண்டே இரண்டு தொற்றுநோய்களைத்தான் பூமியிலிருந்து அடியோடு ஒழித்திருக்கிறது. ஒன்று பெரியம்மை. அது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இன்னொன்று எது என்று கேட்டால், நன்றாகப் படித்தவர்களும் போலியோ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். போலியோ இன்னும் முழுதாக ஒழியவில்லை. ஒழிந்த இரண்டாவது நோய், நம் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுவந்த வெக்கை நோய். 2011 மே 25 அன்று பாரிசில் உலக விலங்கு நல அமைப்பும், அடுத்த மாதம் ரோமில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் அந்தச் செய்தியை உலகுக்கு அறிவித்தன. மறுநாள் நம் ஊர்களில் அதைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. கால்நடை ஆராய்ச்சியாளர்களின் வேலை வெளியே தெரிவதில்லை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை, நம் மண்ணோடு நேரடித் தொடர்புள்ள இரண்டு நோய்களை வைத்து இன்று சொல்ல விரும்புகிறேன். இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தலைகாட்டியது வட ஆற்காட்டில். அதன் உறவு நோயான ஆட்டுக்கொல்லி இந்தியாவில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது தென்னாற்காட்டில். இரண்டும் அடுத்தடுத்து இருந்த மாவட்டங்கள். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே எட்டே ஆண்டுகள்.

வெக்கை கண்ட மாட்டை நேரில் பார்த்தவர்கள் இந்த அவையில் முன்வரிசையில் இருக்கும் சிலர் மட்டுமே. கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் கடுமையான காய்ச்சல். மாடு தீனி எடுக்காது, அசை போடாது. கண்ணிலிருந்து நீர் வடிந்து கன்னத்தில் கோடு விழும். இரண்டு மூன்று நாளில் கீழுதட்டைப் பிரித்துப் பார்த்தால் ஈறிலும் உதட்டின் உட்புறத்திலும் தவிட்டைத் தூவியதுபோல் இருக்கும். விரலால் தேய்த்தால் அது உரிந்துவரும். அடியில் சிவந்த புண் தெரியும். பிறகு கழிச்சல். அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர் தொழுவத்து வாசலில் நின்றே நோயைச் சொல்லிவிடுவார். உடம்பிலுள்ள நீரெல்லாம் வற்றி, ஒரு வாரம் பத்து நாளில் மாடு சாய்ந்துவிடும். நோய் புதிதாக நுழைந்த மந்தையில் பத்துக்கு எட்டு ஒன்பது மாடுகள்கூடப் போயிருக்கின்றன. ஒரு ஜோடி உழவு மாடு போனால் அந்தக் குடும்பத்துக்கு அந்தப் பட்டத்து உழவு போயிற்று. உழவு போனால் கடன். கடனுக்குப் பின் நிலம். மாட்டு நோயை மாட்டின் நோயாக மட்டும் எண்ணிய சம்சாரி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இந்த நோய் உலக வரலாற்றையே திருப்பியிருக்கிறது. 1880-களின் கடைசியில் இத்தாலியப் படைக்காக எரித்திரியாவின் மசாவா துறைமுகத்தில் மாடுகள் இறக்கப்பட்டன. அவை இந்தியாவிலிருந்து போனவை என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. அங்கிருந்து கிளம்பிய வெக்கை பத்தே ஆண்டுகளுக்குள் ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை போய்ச் சேர்ந்தது. எத்தியோப்பியாவில் ஏர் பூட்ட மாடில்லாமல் பெரும்பஞ்சம் வந்து மக்கள் லட்சக்கணக்கில் மடிந்தார்கள். மாட்டையே செல்வமாகக் கொண்டிருந்த மேய்ச்சல் குடிகள் நிலைகுலைந்து நின்ற நேரத்தில் ஐரோப்பிய ஆட்சிகள் உள்ளே நுழைந்தன. 1920-இல் இன்னொன்று நடந்தது. இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குக் கப்பலில் போன திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றிலிருந்து பெல்ஜியத்து மாடுகளுக்கு வெக்கை தொற்றியது. ஐரோப்பா நடுங்கிவிட்டது. 1924-இல் 28 நாடுகள் ஒன்றுகூடி, ஒரு நாட்டில் நோய் கிளம்பினால் மற்ற நாடுகளுக்கு மறைக்காமல் சொல்வதற்கென ஓர் அமைப்பை உண்டாக்கின. வெக்கை ஒழிந்ததை 2011-இல் பாரிசில் அறிவித்தது அதே அமைப்புதான்.

நம் நாட்டில் கால்நடை நோய் ஆராய்ச்சி முறையாகத் தொடங்கியதற்கும் வெக்கைதான் காரணம். 1889-இல் புனேயில் ஏகாதிபத்திய நுண்ணுயிரியல் ஆய்வகம் அமைந்தது. கொடிய தொற்றுக்கிருமியை ஊருக்கு நடுவே வைத்து வேலை செய்வது ஆபத்து என்பதால், 1893-இல் அதைக் குமாவூன் மலையிலுள்ள முக்தேசுவருக்கு மாற்றினார்கள். குளிரான இடம், சுற்றிலும் காடு, மாடுகள் கும்பலாக வந்துபோகும் வழியும் இல்லை. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் கோக் 1897-இல் அங்கே வந்திருக்கிறார். இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் அந்த ஆய்வகத்தின் வளர்ச்சிதான்.

அந்தக் காலத்துத் தடுப்பு முறை கேட்பவரைத் திகைக்க வைக்கும். நோயிலிருந்து மீண்ட மாட்டின் ஊநீரை ஒரு பக்கமும், நோயுள்ள மாட்டின் ரத்தத்தை இன்னொரு பக்கமும் ஒரே நேரத்தில் செலுத்துவார்கள். நோயையும் கொடுத்து, அதைத் தாங்கும் பலத்தையும் கொடுக்கும் முறை அது. ஊநீரின் அளவு குறைந்தால் மாடு செத்துவிடும். சென்னையில் 1932-இல் ஒரு சீரம் நிலையம் தொடங்கியது இந்த ஊநீரைத் தயாரிக்கத்தான். பிறகு 1948-இல் அது ராணிப்பேட்டைக்குப் போனது. நம் கால்நடை மருத்துவர்கள் ராணிப்பேட்டை என்று சொன்னாலே அது தடுப்பு மருந்து நிலையத்தைக் குறிக்கும் அளவுக்கு இன்றுவரை அது நிலைத்திருக்கிறது.

முக்தேசுவரில் ஜே. டி. எட்வர்ட்ஸ் 1920-களில் செய்த வேலை வழியைத் திறந்துவிட்டது. வெக்கைக் கிருமியை ஓர் ஆட்டிலிருந்து அடுத்த ஆட்டுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று தொடர்ந்து செலுத்திக்கொண்டே போனார். ஆட்டின் உடம்புக்குப் பழகப் பழகக் கிருமி மாட்டின் மேல் தன் வீரியத்தை இழந்தது. அப்படி வலுவிழந்த கிருமியை மாட்டுக்குச் செலுத்தினால் லேசான காய்ச்சலோடு போய்விடும். வெக்கை மட்டும் வாழ்நாள் முழுக்க அண்டாது. சுதந்திரத்துக்குப் பின் 1954-இல் நாடு முழுவதும் தொடங்கிய ஒழிப்புத் திட்டம் இந்த ஆட்டுத் திசுத் தடுப்பு மருந்தை நம்பித்தான் இறங்கியது. நாட்டு மாடுகளுக்கு அது சரியாக இருந்தது. கலப்பின மாடுகளுக்கும் அயல் இன மாடுகளுக்கும் கொஞ்சம் கடுமையாகவே இருந்தது. கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் வால்டர் பிளௌரைட் 1960-ஐ ஒட்டி, கன்றின் சிறுநீரகச் செல்களில் கிருமியை வளர்த்து வேறொரு தடுப்பூசியைக் கொண்டுவந்தார். எந்த இனத்து மாட்டுக்கும் எந்த வயதிலும் பயமில்லாமல் போடலாம். ஒரே ஊசி போதும். 1999-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஆனால் அந்த ஊசிக்கு ஐஸ் வேண்டும். தெர்மாஸ் பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போன நம் கால்நடை ஆய்வாளர்களின் உழைப்பை யாரும் எழுதி வைக்கவில்லை. பனிக்கட்டி கரைவதற்குள் கடைசித் தொழுவத்தை எட்டிவிட வேண்டும் என்பதுதான் அன்று அவர்களுடைய நாள் முழுவதற்குமான கணக்கு.

இத்தனை செய்தும் வெக்கை முழுதாகப் போகவில்லை. பல்லாயிரமாக இருந்த நோய்க்கிளர்ச்சிகள் நூறுகளாகக் குறைந்தன, அப்படியே நின்றுவிட்டன. ஏன் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. கோடிக்கணக்கில் ஊசி போட்டோம். போட்ட ஊசிக்குக் கணக்கு இருந்தது. போடாமல் விட்ட மந்தைக்கு இல்லை. காட்டை ஒட்டி மேயும் மாடுகள், சந்தைக்குச் சந்தை கைமாறும் மாடுகள், மாநிலம் விட்டு மாநிலம் நடத்திக் கொண்டுபோகப்படும் அடிமாடுகள் ஆகியவற்றில் கிருமி சுற்றிக்கொண்டே இருந்தது. வெக்கைக் கிருமிக்கு ஒரு பலவீனம் உண்டு. அது மாட்டின் உடம்புக்கு வெளியே அதிக நேரம் தாங்காது. பிழைத்த மாட்டில் ஒளிந்திருக்கவும் அதனால் முடியாது. கொசுவோ உண்ணியோ அதைச் சுமப்பதில்லை. கோமாரிக் கிருமியைப்போல் பல வகைகளாகவும் அது பிரிந்து நிற்கவில்லை. ஆக, அது உயிரோடு இருக்கும் கடைசி இடங்களைத் தேடிப்பிடித்து அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. இதை உணர்ந்த பிறகுதான் திட்டத்தின் போக்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 1992-இல் தொடங்கிய தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம், எல்லா இடத்திலும் ஊசி என்பதை விட்டு நோயைத் தேடும் பக்கம் திரும்பியது. ஊர் ஊராகப் போய் மாடு வளர்ப்பவர்களிடம் கேட்பது, சந்தைகளைக் கண்காணிப்பது, சந்தேகம் என்றால் உடனே மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று வேலை நடந்தது. 1995 ஜூனில் வட ஆற்காட்டில் கண்டதே இந்தியாவின் கடைசி நோய்க்கிளர்ச்சி. வெக்கைக்கு மருந்து செய்துகொண்டிருந்த ராணிப்பேட்டையும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.

அதன் பிறகு எடுத்த முடிவுதான் இந்த வரலாற்றிலேயே துணிச்சலானது என்பது என் கருத்து. தடுப்பூசி போடுவதை நிறுத்தினார்கள். மாணவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஊசி போட்ட மாட்டின் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருக்கும். நோய் கண்டு பிழைத்த மாட்டின் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய அன்று வழி இல்லை. ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் நோய் உண்மையிலேயே போய்விட்டதா, ஊசியின் மறைவில் எங்காவது ஒண்டிக்கொண்டிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. நிறுத்தினால் மட்டுமே தெரியும். நாற்பது ஆண்டுகள் ஊசி போட்டே பழகிய ஒரு துறை, இனி போடாதே என்று சொன்னபோது எவ்வளவு பயந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊசி இல்லாத மாடுகளிடையே ஒரு பொறி விழுந்தாலும் பழி முழுவதும் அந்த முடிவை எடுத்தவர்கள் தலையில்தான் விழும்.

நிறுத்திய பின் சோதனை தொடங்கியது. ஊசியை நிறுத்திய பிறகு பிறந்த மாடுகளாகப் பார்த்து ரத்தம் எடுக்க வேண்டும். கிராமத்தில் மாட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பல்லைத்தான் பார்க்க வேண்டும். கீழ்த்தாடையைப் பிடித்து உதட்டை விலக்கி, பால் பல்லா, இரண்டு பல் போட்டதா, நாலு பல் ஆகிவிட்டதா என்று எண்ணி வயதைக் கணிப்பார்கள். பிறகு கழுத்து நரம்பில் ரத்தம். சேகரித்த ஊநீரில் எதிர்ப்பொருள் இல்லை என்று முடிவு வந்தால், அந்த மாடு வெக்கையையும் பார்க்கவில்லை, ஊசியையும் பார்க்கவில்லை என்று பொருள். இப்படி நாடு முழுவதும் ஆண்டுக்கணக்கில் இல்லை, இல்லை, இல்லை என்ற முடிவுகளாகவே சேர்த்து, 2006 மே மாதத்தில் வெக்கைத் தொற்றே இல்லாத நாடு என்ற ஏற்பை இந்தியா பெற்றது. ஒரு நோயைக் கண்டுபிடித்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. ஒரு நோய் இல்லை என்று நிரூபிக்க ஆயிரக்கணக்கான மாடுகளின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்கு எந்தப் பெயரும் கிடைக்கவில்லை. நான் அறிந்த வரையில் இதைவிடப் பொறுமை கேட்கும் ஆராய்ச்சி வேறு இல்லை.

இப்போது தென்னாற்காட்டுக்கு வருகிறேன்.

வெக்கை மாட்டு நோய் என்றாலும் ஆடுகளுக்கும் அது வரும் என்பது எல்லோரும் ஏற்றுக்கொண்ட செய்தி. தென்னிந்தியாவில் செம்மறிகளும் வெள்ளாடுகளும் காய்ச்சல், வாய்ப்புண், மூக்கொழுகல், கழிச்சல் என்று கூட்டமாகச் சாகும்போதெல்லாம், அதை ஆட்டு வெக்கை என்று எழுதிக் கோப்பை மூடுவது வழக்கமாக இருந்தது. அறிகுறி பொருந்தியது, அன்றைய ரத்தச் சோதனையிலும் பொருந்தியது. வெக்கைத் தடுப்பூசியை ஆட்டுக்குப் போட்டால் நோயும் அடங்கியது. பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது? 1987-இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் செம்மறிகளிடையே இதே நோய் வந்தது. இந்த முறை மாதிரிகளை இந்திய அறிவியல் கழகத்தின் எம். எஸ். சைலாவும் சென்னைக் கால்நடை ஆராய்ச்சியாளர்களும் ஆழமாக ஆராய்ந்தார்கள். 1989-இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, இது வெக்கை அல்ல, வெக்கைக் கிருமியின் உறவான வேறொரு கிருமி என்று சொன்னது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் 1942-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட, அதுவரை ஆப்பிரிக்காவுக்கும் அதை ஒட்டிய நாடுகளுக்கும் உரியது என்று எண்ணிய நோய் அது. நாம் இன்று ஆட்டுக்கொல்லி என்று அழைப்பது அதைத்தான்.

இந்தப் பிழை எளிதாக நேரக்கூடிய ஒன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆடுகள் உண்மையிலேயே வெக்கையைச் சுமந்ததும் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வெக்கை இல்லாதிருந்த இலங்கைக்கு, அதே 1987-இல் அது மறுபடியும் போனது. இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுபோன ஆடுகள் வழியாகத்தான் அது போனது என்று கருதப்படுகிறது. வட கிழக்கில் போரால் ஏற்கெனவே நொந்திருந்த மக்களின் மாடுகளும் எருமைகளும் அதில் மடிந்தன. ஆகவே ஆட்டில் வெக்கை என்று எழுதிய பழைய மருத்துவர்களை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. அரசூர் மாதிரியைக் கையில் எடுத்தவர்கள் தெரிந்த விடையோடு நிறைவடையவில்லை என்பதுதான் இதில் பெரிய செய்தி.

அந்தக் கண்டுபிடிப்பால் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு பெரிய விளைவுகள். ஆட்டில் காணும் நோயெல்லாம் வெக்கை அல்ல என்று தெரிந்ததால், மாட்டு வெக்கையை ஒழித்துவிட்டோம் என்று உறுதியாகச் சொல்ல வழி பிறந்தது. இல்லையென்றால் ஒவ்வோர் ஆட்டுச் சாவும் வெக்கை இன்னும் இருக்கிறது என்ற கணக்கிலேயே சேர்ந்திருக்கும். அடுத்தது, வெக்கைத் தடுப்பூசியை ஆட்டுக்குப் போடுவதையும் நிறுத்தியாக வேண்டிய கட்டாயம் வந்ததால், ஆட்டுக்கொல்லிக்கென்றே சொந்தத் தடுப்பூசி தேவைப்பட்டது. அரசூரில் கிடைத்த கிருமியையே வலுவிழக்கச் செய்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. அதன் பெயர் அரசூர் 87. முக்தேசுவரில் உருவான தடுப்பூசிக்குச் சுங்ரி 96 என்று பெயர். ஒரு சின்ன ஊரின் பெயர் தடுப்பூசிப் புட்டியில் ஏறியதை அரசூர்க்காரர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

பழகிய நோய் என்று முடிவு கட்டிவிடும் வழக்கம் மனித உயிரையும் வாங்கும். 1998 செப்டம்பர் முதல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். பன்றி, மூளைக்காய்ச்சல் என்றதும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவெடுத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. உற்றுப் பார்த்தவர்களுக்கு உறுத்தல்கள் இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும்; இங்கே விழுந்தவர்கள் பண்ணையில் உழைக்கும் ஆண்கள். அந்த நோயில் வளர்ந்த பன்றிக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை; இங்கே பன்றிகள் தொலைதூரத்துக்குக் கேட்கும்படி இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கா பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் அது நிப்பா ஆயிற்று. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்கள், பன்றிக்கொட்டிலை ஒட்டி நின்ற மரங்களிலிருந்து விழுந்து பன்றிகளுக்குத் தீனியானதில் தொடங்கிய நோய் அது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளைக் கொல்ல வேண்டியிருந்தது. பன்றி ஏன் இருமுகிறது என்ற கேள்வியை முதல் மாதத்திலேயே யாராவது விடாமல் பிடித்திருந்தால் எத்தனை வீடுகள் தப்பியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் மனம் பதைக்கிறது.

இந்த இடத்தில் அடைப்பான் என்னும் ஆந்த்ராக்ஸ் நோயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விலங்கிலிருந்து மனிதனுக்கு வரும் நோய்களில் நம் ஊர்ப்புறத்துக்கு மிகவும் நெருக்கமானது அது. முந்தின நாள் மாலைவரை நன்றாக மேய்ந்த ஆடு காலையில் பட்டியில் செத்துக் கிடக்கும். வயிறு உப்பியிருக்கும், மூக்கிலும் மலவாயிலும் தார் நிறத்தில் ரத்தம் வடிந்து உறையாமல் கிடக்கும். படித்த மருத்துவர் அந்த உடலை அறுக்கவே கூடாது. காது நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் மட்டும் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி, காயவைத்து, பழகி முதிர்ந்த மெத்திலின் நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார். நீல நிறத்தில் முனை வெட்டினாற்போன்ற கோல்கள் வரிசையாகத் தெரியும். அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்புப் படலம். அது தெரிந்துவிட்டால் வேறு சோதனைக்குக் காத்திராமல் வேலையைத் தொடங்கிவிடலாம். உடலை அறுத்தால் கிருமிக்குக் காற்று படும். காற்று பட்டால் அது வித்தாக மாறும். வித்தான பின் பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்து, மழை பெய்து புல் முளைக்கும்போது அடுத்த ஆட்டின் வாய்க்குப் போகும். ஆறடிக் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி, உடலைத் தோலோடு புதைத்துவிட வேண்டும்.

பாடத்தில் இவ்வளவுதான் இருக்கும். பட்டியில் போய் நின்றால் வேறொன்றும் தெரியும். செத்த ஆட்டை உரித்துக் கூறு போட்டு விற்றால் நட்டத்தில் பாதியாவது கைக்கு வரும். திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு தாயும் மகனும் இப்படித் தங்கள் ஆட்டை உரித்த பிறகுதான் எங்கள் வண்டி போய்ச் சேர்ந்தது. சில நாள் கழித்து மகனின் முன்கையில் ஒரு கொப்புளம்; அது உடைந்து, வலியே இல்லாமல் நடுவில் கரிய பொருக்குக் கட்டியது. வலி இல்லாததால் அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. நல்ல வேளையாகத் தோல் அடைப்பான் மருந்துக்குக் கேட்கும், பிழைத்துக்கொண்டான். அந்தத் தாய் என்னிடம் கேட்டது, உரிக்காமல் புதைத்திருந்தால் ஆட்டுக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று. அறிவியல் அறிவு இல்லாமல் அவர் உரிக்கவில்லை. செத்த ஆட்டின் விலையை யாரும் தராததால் உரித்தார். ராணிப்பேட்டையில் அடைப்பான் தடுப்பூசி தயாராகிறது; ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் ஆட்டுக்குப் போதும். அதோடு, அடைப்பானில் செத்த விலங்கைப் புதைப்பவருக்கு அன்றைக்கே இழப்பீடு கையில் கிடைக்கும்படி செய்தால், தோலையும் இறைச்சியையும் தேடி யாரும் கத்தியை எடுக்க மாட்டார்கள். இதை ஆராய்ச்சியின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

மருத்துவமனைகளில் நடக்கும் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் பணத்தையும் மதிப்பையும் கண்டு எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் மனிதருக்கு வரும் புதிய தொற்றுநோய்களில் பெரும்பாலானவை விலங்குகளிடமிருந்துதான் வருகின்றன. அப்படியிருக்க, விலங்கில் அதைப் பிடிக்கும் இடம் நம் நாட்டில் பெரும்பாலும் ஓர் ஒற்றை அறை, ஒரு பழைய குளிர்பெட்டி, காலியாக இருக்கும் இரண்டு பணியிடங்கள். மாதிரி வந்து சேரும்போது ஐஸ் உருகி, புட்டிக்குள் ரத்தம் கெட்டுப்போயிருக்கும் நாட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இறந்த ஆட்டை அறுத்துப் பார்க்க ஆர்வமுள்ள இளைஞர்களும் குறைந்து வருகிறார்கள். நகரத்தில் செல்லப்பிராணிகளுக்கான மருத்துவமனை நடத்துவதில் தவறில்லை. இருந்தாலும் இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் சிலராவது பட்டிக்கு வர வேண்டும் என்று மனதார வேண்டுகிறேன். அரசூரில் மாதிரி எடுத்தவரும் ஒரு நாள் உங்களைப்போல வகுப்பறையில் உட்கார்ந்திருந்தவர்தான்.

அவர்கள் வந்தால் செய்வதற்கு உடனடியாக ஒரு வேலை இருக்கிறது. ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் உலகிலிருந்தே ஒழிப்பது என்று 2015-இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் கூடிய நாடுகள் உறுதி எடுத்திருக்கின்றன. வெக்கையை வீழ்த்த உதவிய குணங்கள் இதற்கும் உண்டு: நல்ல தடுப்பூசி இருக்கிறது, ஒருமுறை போட்டால் பல ஆண்டு காக்கும், பிழைத்த ஆட்டில் கிருமி தங்காது. ஆனால் மாடு வேறு, ஆடு வேறு. மாடு ஒரு வீட்டில் பத்தாண்டு நிற்கும். ஆடு ஓராண்டில் சந்தைக்குப் போய்விடும். ஒவ்வோர் ஈற்றிலும் புதிய குட்டிகள் வந்துகொண்டே இருக்கும். தாய்ப்பாலில் வந்த காப்பு இருக்கும்வரை குட்டிக்கு ஊசி பிடிக்காது; மூன்று நான்கு மாதம் பொறுத்துத்தான் போட வேண்டும். சரியான மாதம் தவறினால் அந்த ஈற்றுக் குட்டிகள் அத்தனையும் காப்பில்லாமல் நிற்கும்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளை எண்ணிப் பாருங்கள். அறுவடை முடிந்த காவிரிப் படுகை வயல்களில் கிடை போட, ஆடுகளை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் ஊராக நகர்கிறவர்கள் அவர்கள். தடுப்பூசி முகாம் சொந்த ஊரில் நடக்கும்போது அவர்களுடைய ஆடுகள் தஞ்சை வயலில் இருக்கும். முகாமில் ஊசி போட்ட கணக்கு நிறைவாக இருக்கும். கிடை மட்டும் கணக்கில் வராது. வெக்கையில் நாற்பது ஆண்டுகள் நம்மைக் காக்கவைத்தது இதே ஓட்டைதான். கீதாரிகளுக்குத் தங்கள் கிடை எந்த மாதம் எந்த ஊரில் இருக்கும், எந்த மாதத்தில் குட்டிகள் விழும், எந்தக் குளத்தங்கரையில் மற்றக் கிடைகளோடு ஆடு கலக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். அவர்களோடு உட்கார்ந்து அந்த வழித்தடத்தை மாதம் மாதமாக எழுதி, தடுப்பூசி நாளையும் ரத்த மாதிரி எடுக்கும் நாளையும் அதற்கேற்ப வைத்துக்கொள்ளும் ஆராய்ச்சிக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. இந்த உரைக்கு வழிவகுத்த அறக்கட்டளை ஆண்டுக்கு ஒரு மாணவருக்கோ மாணவிக்கோ உதவித்தொகை வழங்க எண்ணியிருப்பதாக அறிகிறேன். முதல் உதவித்தொகையை, தை அறுவடை தொடங்கும்போது ஒரு கிடையோடு கிளம்பி, அது ஊர் திரும்பும்வரை கூடவே இருக்கச் சம்மதிப்பவருக்குக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.